நாலு டிக்கெட் கனம்

1997 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிள்ளான் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கையில், பழைய கைலியில் சுற்றிச் சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பொருள். மூன்றடி நீளம் இருக்கும். உயரம் ஒரு முழம்கூட இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "சாமி படமா தம்பி? கால்கிட்ட வைக்காதய்யா, மடியில வச்சுக்க" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது என் மாமாவின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருடைய முன்கிரில். நடுப்பகுதி உள்வாங்கி, பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, குரோம் பூச்சு செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது.

ரயில் பத்து தீகாவைத் தாண்டும்போது தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. 1968இல் அங்கே பந்தயப் பாதை திறந்தார்கள். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது இருக்கும், மாமா என்னை அங்கே கூட்டிப்போவார். எம்ஜிபியில் இருக்கை இரண்டுதான். மாமாவும் அத்தையும் முன்னால். இருக்கைகளுக்குப் பின்னால் சாமான் வைக்கும் மேட்டில் நான். கூரையை மடக்கிவிட்டுக் கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போது காற்று காதை அடைக்கும். பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்பதெல்லாம் எனக்கு நினைவில் இல்லை. வெளியே வரிசையாக நிறுத்தியிருந்த வண்டிகளின் முகங்கள் நினைவிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு என்று அங்கேதான் கண்டுகொண்டேன். இரண்டு விளக்கும் கண்கள், கிரில் வாய், பம்பர் தாடை. எங்கள் வண்டிக்குச் சிரித்த முகம்.

மாமா கிள்ளானுக்கு வெளியே ஒரு கித்தாத் தோட்டத்தில் பெரிய கிராணி. அந்தத் தோட்டத்துத் துரை 1973இல் இங்கிலாந்துக்கே திரும்பிப் போனபோது வண்டியை மாமாவுக்கு விற்றுவிட்டுப் போனார். 1967ஆம் ஆண்டு வண்டி, வெளிர் பச்சை. துரை பங்களா வாசலில் ஆறு வருஷம் நின்ற வண்டி கிராணி வீட்டு வாசலுக்கு வந்ததைத் தோட்டத்தில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று அத்தை சொல்வார். மாமா அதை வீண் பகட்டுக்காக வாங்கவில்லை. மாதாமாதம் பணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமைதோறும் தானே கழுவி, ஒரு நல்ல மாட்டை வைத்துக்கொள்வதுபோல் வைத்திருந்தார்.

1979இல் கிள்ளான் சந்தைப் பக்கம் நின்றுகொண்டிருந்த வண்டியின் மேல், பின்னால் எடுத்த ஒரு லோரி மோதிவிட்டது. கிரில் உள்ளே போய், பம்பர் மடங்கி, இடது மட்கார்டு நசுங்கியது. யாருக்கும் அடியில்லை. அடுத்த வருஷம் இங்கிலாந்தில் அந்தக் கார் செய்யும் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். மாமாவின் பிள்ளைகள் படிப்பு, அத்தையின் மருத்துவச் செலவு என்று ஒவ்வொன்றாக வர, வண்டி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. பதினெட்டு வருஷம். ஓய்வு பெற்றுக் கிள்ளான் டவுனுக்கு வீடு மாறியபோதும் லோரியில் ஏற்றிக் கூடவே கொண்டுவந்தார். விற்கவே இல்லை.

"எனக்குக் கண்ணு சரியில்ல. நீ எடுத்துக்க. ஆனா மூஞ்சி சரியாகாம வெளிய எடுக்காத" என்று 1997இல் சொன்னார். அதற்குமுன் நான் அவரிடம் வண்டியைக் கேட்டதில்லை.

மாமா 'மூஞ்சி' என்று சொன்னது விளையாட்டுக்கில்லை. எம்ஜிபியை அறிந்தவர்கள் அதன் வயதைக் கிரிலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். 1962இல் ஆபிங்டன் என்ற சிற்றூரில் தொடங்கி 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் இந்தக் கார்களைச் செய்தார்கள். உடலமைப்பை வரைந்தவர் டான் ஹேட்டர். 1969 வரை வந்த வண்டிகளில் அகலமான குரோம் சட்டம், அதற்குள் செங்குத்தான மெல்லிய பட்டைகள், நடுவில் எம்ஜியின் எட்டுமூலைச் சின்னம். அந்தக் கம்பெனியின் பழைய கார்களில் நிமிர்ந்து நின்ற ரேடியேட்டர் முகத்தைப் படுக்கவைத்து அகலப்படுத்தியது போன்ற சாயல். 1969 கடைசியில் அதை எடுத்துவிட்டு, உள்ளடங்கிய கறுப்புக் கிரில் வைத்தார்கள், பலருக்கும் பிடிக்கவில்லை. 1972இல் குரோம் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்து, உள்ளே தேன்கூடு மாதிரி கறுப்பு வலை போட்டார்கள். 1974இல் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அதோடு பழைய முகம் போயே போய்விட்டது. என்ஜின் அதே 1798 சிசி, கதவு அதே கதவு. முகம் மட்டும் நான்கு.

கோலாலம்பூர் சென்ட்ரல் அப்போது கிடையாது. அது 2001இல்தான் வந்தது. பழைய ஸ்டேஷனில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். ரயில் யார்டு இருந்த இடத்தில் புது ஸ்டேஷனுக்காகத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இடியோசையைக் கேட்டபடி ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வரிசைக்குள் போனேன். அங்கே மகனோடு இருந்தார் ஃபிட்டர் பெரியப்பா.

சொந்தப் பெரியப்பா அல்ல. என் அப்பாவுக்குப் பள்ளித்தோழர். செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போரின் கடைசி வருஷமான 1945இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு நாசமாக்கிய பட்டறை அது. அதைத் திரும்பக் கட்டி எழுப்பிய தலைமுறையிடம் வேலை பழகியவர் பெரியப்பா. நீராவி என்ஜினிலிருந்து டீசல் என்ஜின்வரை அவர் கை படாதது குறைவு. பிரிக்பீல்ட்ஸில் யார் வீட்டுத் தையல் மெஷின் நின்றாலும், கோயில் மணியின் நாக்கு கழன்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கைலியை அவிழ்த்துக் கிரிலைத் திண்ணைமேல் வைத்தேன். அவர் தொடவில்லை. முதலில் சுற்றிவந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பட்டையாக விரலால் தடவினார்.

"வளைஞ்சிருக்கு. உடையல. வளைஞ்சது வரும்" என்றார்.

எனக்கு அவசரம். கிள்ளானில் ஒரு சாமான்கடைக்காரர் பின்னால் வந்த வண்டியின் கறுப்புக் கிரில் ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். சற்றுத் தட்டிக்கொட்டினால் உட்கார்ந்துவிடும் என்றார். அதைச் சொன்னேன்.

"அது வேற காடியோட மூஞ்சி தம்பி. மாமா இதைப் பதினெட்டு வருசம் வச்சிருந்தாரே, எதுக்கு?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவருடைய பெட்டியில் மூன்று ஜதை ஸ்பானாக்கள் இருந்தன. அதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் பழைய பிரிட்டிஷ் வண்டிகளைக் கெடுத்தவர்களில் பாதிப்பேர் தவறான ஸ்பானாவால் கெடுத்தவர்கள். ரயில்வேயில் இருந்தது விட்வொர்த் அளவு. அதில் ஸ்பானாமேல் போட்டிருக்கும் எண், போல்ட்டின் தண்டு எவ்வளவு தடிமன் என்று சொல்லும். எம்ஜிபிக்கு வேண்டியது ஏஎஃப் அளவு. அதில் எண், நட்டின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம்வரை உள்ள அகலம். இரண்டுமே இஞ்சுதான், ஆனால் ஒன்று மற்றதற்குச் சேராது. மூன்றாவது, ஜப்பான் கார்கள் வந்தபின் கார் பழுதுபார்க்கும் எல்லாப் போமென்களும் வைத்திருக்கும் மில்லிமீட்டர். அரை இஞ்சு என்பது 12.7 மில்லிமீட்டர். 13 போட்டால் பிடித்த மாதிரியே இருக்கும். பலம் கொடுத்ததும் வழுக்கி, நட்டின் மூலையை மழுக்கிவிடும். "மூலை போயிருச்சுன்னா அது நட்டு இல்ல, ஆணி" என்பார் பெரியப்பா. ஆணியைக் கழற்ற முடியாது, பிடுங்கத்தான் முடியும்.

கிரிலை நேராக்க இரண்டரை மாதம் ஆனது. சனி, ஞாயிறுகளில் மட்டும் வேலை. மணல் நிரப்பிய சாக்கு ஒன்று, மரச்சுத்தியல் ஒன்று, செங்கால் மரத்தில் அவரே சீவிய ஆப்புகள் நாலைந்து. அந்த மரத்தில் ஆணி அடிக்கவே சிரமம், அவ்வளவு கெட்டி. பட்டைக்கு அடியில் ஆப்பைக் கொடுத்து, மேலே இன்னொரு கட்டையை வைத்து, கட்டையைத் தட்டுவார். உலோகத்தில் நேராகச் சுத்தியல் படவே கூடாது. ஒரு தட்டு, ஒரு தடவல். ஒரு தட்டு, ஒரு தடவல். ஒரு பட்டையை முழுக்க நேராக்கிவிட்டு அடுத்ததற்குப் போகமாட்டார். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வருவார். ஒன்றை மட்டும் முழுக்க இழுத்தால் பக்கத்தில் உள்ளது கோணிக்கொள்ளும்.

அந்த வருஷம் செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகளின் புகை கிள்ளான் பள்ளத்தாக்கில் இறங்கி, பகலிலேயே விளக்குப் போட வைத்தது. பெரியப்பா கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஆனால் சுத்தியலைத் தொடமாட்டார். "வெளிச்சம் பொய் சொல்லுது. இன்னிக்கு நேரா தெரியிறது நாளைக்குக் கோணலா இருக்கும்." மூன்று வாரம் அப்படியே போனது. எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் வரைவாளர். தேதிக்குள் முடிப்பதுதான் வேலை என்று பழகியவன்.

குரோம் பூசும் கட்டம் என்னை அதிகம் அலைக்கழித்தது. முதலில் கொடுத்த கடையில் அவசரமாகத் தேய்த்து, சட்டத்தின் ஒரு மூலையின் கூர்மையையே மழுக்கிக் கொடுத்தார்கள். கீழ்ப்பக்கம் பிடிக்கும் சின்னத் தகட்டுப் பிடி ஒன்றையும் தொலைத்துவிட்டார்கள். அன்றைக்கு நான் மனமுடைந்து போனேன். பெரியப்பா கடையைத் திட்டவில்லை. மூலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, புடு பக்கத்தில் தமக்குத் தெரிந்த ஒரு வயதான சீனத் தவ்கேயிடம் என்னைக் கூட்டிப்போனார். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். தவ்கே மூலையைப் பார்த்துவிட்டு "போலே, போலே" என்றார், முடியும் என்று. இழந்த கனத்தைச் செம்பை ஏற்றி நிரப்பி, பிறகு சீவிக் கூராக்கலாம் என்று காட்டினார்.

குரோம் என்று நாம் சொல்வது மூன்று தோல். அடியில் செம்பு, நடுவில் நிக்கல், மேலே குரோம். துருவைத் தடுப்பது பெரும்பாலும் நிக்கல்தான். மேலே பூசும் குரோம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குகூட இருக்காது. நீலச் சாயல் கலந்த அந்தப் பளபளப்பும், கீறல் தாங்கும் கடினமும் அதிலிருந்து வருபவை. அது எதையும் மறைக்காது. அடியில் ஒரு மயிரிழைக் கோடு இருந்தாலும் அப்படியே எடுத்துக் காட்டும். அதனால் பூச்சு வேலையில் பாதி நேரம் தேய்ப்பதிலேயே போகிறது. தவ்கேயின் ஆட்கள் இருவர் நாள்முழுக்கத் துணிச்சக்கரத்தின் முன் நின்றார்கள். முகமெல்லாம் கறுப்பு. எங்கள் கிரில் வெள்ளையாகத் திரும்பி வந்தது அவர்கள் அப்படி நின்றதால்தான்.

இதற்கிடையில் நாணய நெருக்கடி. 1997 நடுவில் நாலு வெள்ளிச் சொச்சத்துக்குக் கிடைத்த ஒரு பவுன், 1998 ஜனவரியில் ஏழு வெள்ளியைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வரவழைக்கலாம் என்று நான் குறித்துவைத்திருந்த பட்டியலில் ஒவ்வொரு வரியாக அடித்தேன். விளக்கு வளையங்கள், பம்பர், பக்கவாட்டுப் பட்டைகள் எல்லாமே பழையதையே சரிபண்ணுவது என்று ஆனது. இன்று யோசித்தால், பணம் இருந்திருந்தால் அந்த வண்டி புதுச் சாமான்களால் நிறைந்திருக்கும். பெரியப்பாவின் கை அதில் எங்கேயும் இருந்திருக்காது.

தொலைந்துபோன கீழ்ப்பிடி மட்டும் கிடைக்கவில்லை. பெரியப்பா தகட்டில் வெட்டிச் செய்கிறேன் என்றார். அதற்குள் மாமா கிள்ளானில் தமக்குத் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தெங்கு கிளானா சாலைப் பக்கம் பட்டறை வைத்திருந்து காலமான ஒரு போமெனின் மனைவி, கணவர் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் தகரடப்பாக்களைத் தூக்கிப் போடாமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். மூன்றாவது டப்பாவில் அந்தப் பிடி இருந்தது. அதே ஆண்டு வண்டியினுடையது. விலை கேட்டதற்கு, "அவரு இருந்தா குடுத்திருப்பாரு, எடுத்துக்கப்பா" என்றார் அந்த அம்மா. அத்தை அவருக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தார்.

1998 நடுவில் வண்டி தயாரானது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்த மாதங்கள் அவை. ஷா ஆலம் வழியாகப் பிரிக்பீல்ட்ஸுக்கு நானே ஓட்டி வந்தேன், முகம் இல்லாமல். முன்னால் வெறும் பள்ளம், உள்ளே ரேடியேட்டர் தெரிந்தது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் "பல்லில்லாத காடி" என்று பின்னாலேயே ஓடிவந்தார்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினேன். பெரியப்பா ஒரு வாளித் தண்ணீரில் துணியை நனைத்து முன்பக்கம் முழுவதையும் துடைத்தார். அழுக்குத் தண்ணீரை வாழைக்கு ஊற்றினார். பிறகு பழைய படுக்கைவிரிப்பை மடித்து மட்கார்டின்மேலும் பானெட்டின் விளிம்பிலும் போட்டு, விளிம்பு முழுவதும் டேப் ஒட்டினார்.

எம்ஜிபியின் ஆரம்ப வண்டிகளில் பானெட் அலுமினியம். மெல்லியது. விளிம்பில் கை வைத்து அழுத்தினாலே சொட்டை விழும். மூடும்போது இரண்டு உள்ளங்கையையும் பூட்டுக்கு நேர்மேலே விரித்து வைத்து அழுத்தவேண்டும். கிரில் ஒரு நூலிழை மேலே தூக்கி நின்றாலும் பானெட் வந்து அதில் இடிக்கும், அலுமினியம்தான் தோற்கும். கிரிலை வைப்பது என்றால் பள்ளத்தில் ஒரு பலகையைச் செருகுவது அல்ல. மேலே பானெட், கீழே முன்தகடு, இரண்டு பக்கமும் விளக்குகள் பதிந்த மட்கார்டுகள் என்று நான்கும் ஒத்துக்கொள்ளும் இடத்தில் அதை உட்காரவைப்பது.

பெரியப்பா திருகுகளை வரிசையாகத் துணிமேல் வைத்தார். ஒவ்வொன்றின் மரையிலும் மெழுகுவத்தியைத் தேய்த்தார். அடுத்த தடவை கழற்றுபவனுக்காக என்றார். கிரில் உடலைத் தொடும் இடங்களில் மெல்லிய ரப்பர் பட்டை; இரும்போடு இரும்பு உரசினால் பெயிண்ட் போய், நம் ஊர் மழையில் ஆறே மாதத்தில் துரு எட்டிப்பார்க்கும். கிள்ளான் உப்புக்காற்றில் அதற்கும் முன்னால்.

"எல்லாத்தையும் விரலாலதான் போடணும். ஸ்பானாவைப் பெட்டியிலயே வையி."

நான் கிரிலைத் தாங்கிப் பிடித்தேன். கீழே முதலில், பிறகு மேலே. எல்லாத் திருகும் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏறி, கிரில் அசைந்து கொடுக்கும் நிலையில் நின்றது. மேலே ஒரு துளை மட்டும் சேரவில்லை. பாதித் துளை தள்ளி இருந்தது. லோரி இடித்து நேராக்கிய இடம். நான் ஸ்குரூடிரைவரைத் துளைக்குள் விட்டு நெம்பப் போனேன். நுனி வழுக்கி, டேப்பைக் கிழித்துக்கொண்டு பானெட் விளிம்பில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது. புதுப் பெயிண்ட். எனக்குக் கண் இருட்டியது.

பெரியப்பா ஸ்குரூடிரைவரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். புதிய டேப் ஒட்டினார். பிறகு சொன்னார்:

"இழுத்துப் பூட்டாத தம்பி. இழுத்துப் பூட்டுனா அது சும்மா இருக்காது. ராத்திரி பகலா உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டே இருக்கும். ஒரு நாள் குழியில இறங்குவே, பட்டுனு விட்டுரும். உட்கார வையி."

வட்ட அரம் ஒன்றைக் கொடுத்தார். கிரிலை மறுபடி கழற்றி, துளையை ஒரு பக்கமாக நீட்டினேன். நாற்பது நிமிஷம். நடுவில் மூன்று தடவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அராவிய இடத்தில் வெறும் இரும்பு தெரிந்ததால், சின்னத் தூரிகையால் பெயிண்ட் தொட்டுவைத்து, காயும்வரை எல்லாரும் பசியாறிவிட்டு வந்தோம்.

மறுபடி தூக்கி வைத்தபோது எல்லாத் திருகும் விரலுக்கே போனது. அப்போதுதான் சட்டைப்பையிலிருந்து அந்த டிக்கெட்டுகளை எடுத்தார். பழைய ரயில்வே அட்டை டிக்கெட்டுகள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும், சின்னதாக, கெட்டியாக, தேதி குத்தியிருக்கும். அவற்றின் கனம் இஞ்சில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. நாலு சேர்த்தால் அரைக்கால் இஞ்சு. செந்தூலில் இருந்த காலத்தில் இடைவெளி பார்க்க அதைத்தான் பையில் வைத்திருந்தாராம். அட்டை என்பதால் பெயிண்டைக் கீறாது. கிரிலின் மேல்விளிம்புக்கும் பானெட்டுக்கும் இடையில் இடது, நடு, வலது என்று மூன்று இடத்திலும் மாறி மாறி நாலு டிக்கெட்டையும் சேர்த்துச் செருகி, உரசியும் உரசாமலும் வெளியே வரும்வரை கிரிலை உள்ளங்கையால் ஏற்றி இறக்கினார்.

நான் இரும்பு ரூலரைக் கொண்டுவந்து பக்க இடைவெளிகளை அளந்தேன். இடது பக்கம் அரைக்கால் இஞ்சு. வலது பக்கம் அதைவிட ஒரு டிக்கெட் கனம் கூடுதல். சமமாக்கலாம் என்றேன். பெரியப்பா வண்டியைத் தள்ளச் சொன்னார். நிழலிலிருந்து வெயிலுக்கு. பத்தடி தள்ளிப்போய்க் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு என்னை அதே இடத்தில் உட்காரவைத்தார்.

"சின்னத்தைப் பாரு. பானெட் நடுவைப் பாரு. இப்ப ரெண்டு லைட்டையும் பாரு."

பார்த்தேன். சின்னம் நட்டநடுவில் நின்றது. அடிபட்டு நேராக்கிய இடது மட்கார்டு பழைய இடத்துக்கு முழுசாகத் திரும்பியிருக்கவில்லை. ரூலர் சொன்னபடி நகர்த்தினால் இடைவெளி சமமாகும், சின்னம் நடுவிலிருந்து விலகும். முகம் கோணும்.

"காடி மூஞ்சிய ரூலரா பார்க்கப் போவுது? எதிர்ல வர்ற மனுசன்தானே பார்க்கப் போறான்."

எத்தனையோ வருஷம் கோடு போட்டுச் சம்பாதித்திருக்கிறேன். அளவு சரியாக இருந்தும் வேலை தவறாகலாம் என்று எனக்குக் காட்டியவர் அவர். அதற்குப் பிறகுதான் ஸ்பானா வெளியே வந்தது. ஒரே திருகை முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. இடது மேல், வலது கீழ், வலது மேல், இடது கீழ் என்று குறுக்கே குறுக்கே, கால் சுற்று கால் சுற்றாக. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டிக்கெட்.

மற்றவை சீக்கிரம் நடந்தன. விளக்கு வளையங்களை உள்ளங்கையால் அழுத்தி உட்காரவைத்தோம். பம்பருக்கு இரண்டு பேர் வேண்டும். மகனும் நானும் இரண்டு முனைகளையும் தாங்க, பெரியப்பா நடுவில் குனிந்து போல்ட் போட்டார். பக்கவாட்டுக் குரோம் பட்டை முன்விளக்குப் பக்கமிருந்து பின்விளக்குவரை, மட்கார்டு, கதவு, பின்மட்கார்டு என்று மூன்று துண்டாக ஒரே கோடாக ஓடவேண்டும். தூண்டில் நூலை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக் கட்டி அதை ஒட்டியே கிளிப்புகளில் மாட்டினோம். கதவுத் துண்டு ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. கதவின் கீலைச் சரிசெய்ததும் தானே ஏறிக்கொண்டது. பட்டையில் குற்றம் இல்லை, கதவுதான் தொங்கியிருந்தது. அதை நூல் கட்டாமல் கண்டுபிடித்திருக்க முடியாது.

எட்டுமூலைச் சின்னத்தைக் கடைசியாக வைத்தோம். லோரி இடித்த அன்றைக்கே மாமா அதைக் கழற்றிச் சாமிமாடத்து இழுப்பறையில் வைத்திருந்தார். பத்தொன்பது வருஷம் அது விபூதிப் பொட்டலத்தோடு இருந்தது. கொடுக்கும்போது அதன் இடுக்குகளில் விபூதி ஒட்டியிருந்தது. பெரியப்பா அதைத் துடைக்கவிடவில்லை.

சாயந்தரம் கிள்ளானுக்கு ஓட்டிப்போனேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் பார்வை மங்கியிருந்தவர் எழுந்து வந்து, பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை, என்ஜின் சத்தத்தைக் கேட்கவில்லை. கிரிலின் முன்னால் குனிந்து, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை பட்டைகளை விரலால் தடவிக்கொண்டே போனார், பெரியப்பா முதல் நாள் தடவியதுபோலவே. "யாரு செஞ்சா?" என்றார். சொன்னேன். மறுநாள் காலை முதல் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் போய்ப் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே எனக்குச் சொல்லவில்லை.

பெரியப்பா 2004இல் காலமானார். மாமா அதற்கு மூன்று வருஷம் கழித்து. பத்து தீகாப் பந்தயப் பாதையை 2003இல் மூடினார்கள். பிறகு அதை இடித்துவிட்டார்கள். ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸும் இன்று இல்லை. செந்தூல் பட்டறையின் வேலைகள் பத்து காஜாவுக்குப் போய்விட்டன. அந்தப் பட்டறையில் எத்தனை ஆயிரம் தமிழர்கள் அரமும் ஸ்பானாவும் பிடித்தார்கள், அவர்கள் கையில் இருந்த வித்தை என்ன என்பதை யாரும் முறையாக எழுதி வைக்கவில்லை. கங்காணியைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் நாம் எழுதியிருக்கிறோம். ஃபிட்டரைப் பற்றி எழுதவில்லை. இது பெரிய குறை.

வண்டி என்னிடம் இருக்கிறது. எண்பலகையில் இன்னும் சிலாங்கூரின் 'பி'. கிரிலை இந்த இருபத்துச் சொச்சம் வருஷத்தில் இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். மெழுகு தேய்த்த திருகுகள் இரண்டு தடவையும் விரலுக்கே வந்தன. பானெட் விளிம்பில் நான் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. அதன்மேல் பெயிண்ட் அடிக்கவில்லை. நாலு டிக்கெட்டும் டாஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கின்றன.

கிள்ளானிலோ செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உங்கள் வீட்டில் பட்டறை வேலை பார்த்த தாத்தாவோ மாமாவோ இருந்திருந்தால், அவர் வைத்துவிட்டுப் போன தகரடப்பாக்களைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்குமுன் ஒரு தடவை திறந்து பாருங்கள். கிளிப்பு, பிடி, வளையம், பேர் தெரியாத ஏதோ ஒரு தகட்டுத் துண்டு இருக்கும். எந்த வண்டியினுடையது என்று வயதானவர் யாரிடமாவது கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.